எத்தனை தடவை போனாரு?

கல்லீரல் வார்டில் காலை ரவுண்ட்ஸ் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டிலாகப் போய் நான் கேட்பது ஒன்றுதான்: "நேத்து எத்தனை தடவை மோஷன் போனாரு?" புதிதாக வந்தவர்கள் கூசிப் போவார்கள். சுற்றிலும் ஆட்கள் இருக்கும்போது இதையா கேட்பது என்று பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஆனால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்படும் நோய் வந்தவருக்கு பி.பி., காய்ச்சல் எவ்வளவு முக்கியமோ, இந்தக் கணக்கும் அவ்வளவு முக்கியம்.

குடலில் உண்டாகும் அம்மோனியாவை நல்ல கல்லீரல் அப்போதைக்கப்போது மாற்றி வெளியே அனுப்பிவிடும். சிரோசிஸ் வந்த கல்லீரலால் அது முடியாது. ரத்தத்தில் தங்கும் அம்மோனியா மூளையைப் பாதிக்கும். அதை மலத்தோடு வெளியேற்றத்தான் லாக்டுலோஸ் சிரப் கொடுக்கிறோம். நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும், டோஸை அதற்கேற்பக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஐந்தாறு தடவை தண்ணீராகப் போனாலும் ஆபத்துதான். நீர்ச்சத்தும் பொட்டாசியமும் இறங்கினால் அதனாலேயே நினைவு தவறும்.

ஒரு நைட் டியூட்டியில் நாற்பது வயதைத் தாண்டிய சென்ட்ரிங் தொழிலாளி ஒருவரைக் கொண்டு வந்தார்கள். பி.பி. சரி, காய்ச்சல் இல்லை. "பகல் பூரா தூங்குறாரு சிஸ்டர். ராத்திரியானா முழிச்சுக்கிட்டு சட்டை பட்டனைப் போடுறாரு, கழட்டுறாரு, திரும்பப் போடுறாரு" என்றார் மனைவி. தூக்கம் இப்படித் தலைகீழாவது மூளை பாதிக்கப்படுவதன் ஆரம்ப அறிகுறி. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். பறவை சிறகடிப்பதுபோல் கைகள் படபடவென்று விழுந்து விழுந்து எழுந்தன. தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னால், பெயரில் பாதியை எழுதிவிட்டுப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் நேரத்தைக் குறித்து கேஸ் ஷீட்டில் வைத்தேன். அடுத்த ஷிப்ட் சிஸ்டர் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

விடிவதற்குள் எழுப்பினாலும் கண் திறக்காத நிலைக்குப் போய்விட்டார். வாய்வழியாக எதுவும் கொடுக்கவில்லை, புரையேறிவிடும். டாக்டர் மூக்கு வழியாக வயிற்றுக்குள் போகும் ரைல்ஸ் ட்யூப் போடச் சொன்னார், எனிமாவும் எழுதினார். 300 மில்லி லாக்டுலோஸை 700 மில்லி தண்ணீரில் கலந்து, இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்துக் கொடுத்தோம். கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பியை ஏற்றினோம். ரத்தக்கசிவா, வயிற்று நீரில் கிருமியா, யாராவது தூக்க மாத்திரை கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எதுவும் இல்லை. மூன்று நாளாக அவர் மலம் கழிக்கவேயில்லை.

சிரப்பை நிறுத்தியது மனைவிதான். ஏன் என்று கேட்டபோது அழுதுகொண்டே சொன்னார். "குலதெய்வம் கோயிலுக்குப் போனோம் சிஸ்டர். பஸ்ஸுல மூணு மணி நேரம். நடுவழியில வந்துட்டா அவரை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

'படிக்காதவங்க, சொன்னா கேக்க மாட்டாங்க' என்று எங்கள் பக்கத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. பேருந்து நிலையக் கழிப்பறை எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாதா? கட்டட வேலை நடக்கும் இடத்தில் கழிப்பறையே இல்லாதபோது நாளுக்கு மூன்று தடவை போக வைக்கும் மருந்தை யார் ஒழுங்காகக் குடிப்பார்கள்? சீட்டில் எழுதிக் கொடுத்தால் நம் வேலை முடிந்துவிடாது. வீட்டில் கழிப்பறை உண்டா, வேலைக்கு எப்போது கிளம்புவார், ஆஸ்பத்திரிக்கு வர எத்தனை மணி நேரம் என்றெல்லாம் விசாரித்துத்தான் மருந்து நேரத்தை டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். பத்தியம் என்று பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிட்டு வெறும் கஞ்சி கொடுக்கிறார்கள். புரதத்தை நிறுத்தினால் தசைதான் கரையும். குறைக்க வேண்டியது உப்பு, அதாவது ஊறுகாய், அப்பளம், கருவாடு. படுக்கப் போகும் முன் கொஞ்சம் சாப்பிட வேண்டும், இரவு முழுக்கப் பட்டினி ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வார்டு என்றாலே 'குடிச்சுட்டு வந்து படுத்திருக்கான்' என்ற பேச்சு. ஹெபடைட்டிஸ் பி வைரஸால் வந்தவர்களும், சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து கல்லீரல் கெட்ட பெண்களும் பக்கத்துக் கட்டில்களிலேயே இருக்கிறார்கள். குடித்தவராகவே இருந்தாலும் படுக்கையை நனைத்துவிட்டு வெட்கப்படுகிற மனிதரிடம் கடுமையாகப் பேசுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாம் நாள் அந்த சென்ட்ரிங் தொழிலாளி கண் விழித்தார். வீட்டுக்குப் போகும்போது மனைவியிடம் தினசரி காலண்டர் தாளில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடச் சொன்னோம். பயண நாளில் விடியற்காலையிலேயே ஒரு டோஸ், போய்ச் சேர்ந்ததும் அடுத்தது, தவிர்க்க மட்டும் கூடாது. எத்தனை கோட்டுக்குக் குறைந்தால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்றும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். சில மாதம் கழித்து அதே அறிகுறி மறுபடி வந்தது. பகல் தூக்கம் ஆரம்பித்த அன்றே, கோடுகள் போட்ட தாள்களோடு மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் தானே நடந்து வந்தார். அந்தத் தடவை ட்யூப் தேவைப்படவில்லை.