குளியலறை விளக்கின் சிமிட்டல் நின்றது: கோளாறு ஈயம் வைத்த வயர் முனையில்

குளியலறைக் கண்ணாடிக்கு மேலிருக்கும் விளக்கு இப்போது அசையாமல் எரிகிறது. பல்பை மாற்றியும் சுவிட்சை மாற்றியும் அடங்காத சிமிட்டலுக்குக் காரணம் நியூட்ரல் வயரின் விரற்கடை நீள முனையில் ஒளிந்திருந்தது.

பழுது பல்பிலா வயரிங்கிலா என்று தெரிந்துகொள்ள, எல்இடியைக் கழற்றிவிட்டுப் பழைய குண்டு பல்பை மாட்டினேன். எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட்டே இல்லாத அந்தப் பல்பும் மங்கி மங்கி எரிந்ததால் எல்இடியின் மீதிருந்த சந்தேகம் தீர்ந்தது. மல்டிமீட்டரில் பார்த்தால், சுவிட்ச் பெட்டியில் வோல்டேஜ் நிலையாக நிற்க, ஹோல்டரில் மட்டும் எண்கள் தாவிக்கொண்டிருந்தன.

எம்சிபியை (மின்பலகையில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சை) இறக்கி, மின்சாரம் இல்லை என்று மீட்டரில் உறுதி செய்த பிறகு ஹோல்டரைத் திறந்தேன். ஃபேஸ் ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது. நியூட்ரல் ஸ்க்ரூ விரலால் தொட்டாலே ஆடியது. வெளியே இழுத்த வயரின் முனையில், இழைகளை ஒன்றாக்க, ஈயம் (சால்டர்) உருக்கி வைக்கப்பட்டிருந்தது. ஸ்க்ரூ அழுத்திய இடத்தில் ஈயம் தட்டையாக நசுங்கி ஓரத்தில் கருத்திருக்க, அதையொட்டிய இன்சுலேஷன் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. ஈயப்பற்று மென்மையானது, இடைவிடாத அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து விலகிவிடும் என்பதால், யாரும் கை வைக்காமலே இணைப்பு தளர்கிறது. தளர்ந்த இடத்தில் தடை கூடிச் சூடு பிறக்கிறது, சூடு ஈயத்தை மேலும் இளக்குகிறது, குளியலறையின் ஈரம் அரிப்பைச் சேர்க்கிறது. ஸ்க்ரூவின் அடியில் போகும் முனைக்கு ஈயம் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கருகிய பகுதியை வெட்டியெறிந்து, செம்பு பளபளக்கும் இடம் வரை போய், ஃபெரூல் போட்டேன்; வயர் இழைகளின் மேல் மாட்டி நெரிக்கும், பிளாஸ்டிக் கழுத்துள்ள சின்ன உலோகக் குழல் அது. இந்த ஒரு வேலைக்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு இழையும் அறுபடாமல் இன்சுலேஷனை உரிக்க வேண்டும். குழலின் மறுமுனையில் இழைகள் மயிரிழை அளவு எட்டிப் பார்க்க வேண்டும். இன்சுலேஷன் பிளாஸ்டிக் கழுத்துக்குள் முழுமையாக அடங்க வேண்டும். சாதாரணக் குறடு குழலைச் சப்பையாக்குமே தவிர இழைகளை எல்லாப் பக்கமும் இறுக்காது. முழு அழுத்தம் விழுந்த பிறகே கைப்பிடியை விடுவிக்கும் ராட்செட் கிரிம்பர் என்ற நெரிக்கும் கருவிதான் நம்பகமானது. வட்டத் துளையுள்ள டெர்மினலுக்கு அறுகோணமாக நெரிக்கும் வகை நன்றாகப் பொருந்துகிறது. நெரித்தபின் பலமாக இழுத்துப் பார்த்தேன்; அசையவில்லை.

ஃபெரூல் வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக் கழுத்தின் நிறத்தை நம்பாமல், பொட்டலத்தில் அச்சிட்ட சதுர மில்லிமீட்டர் அளவைப் பார்த்து எடுப்பது நல்லது. ஒரே அளவுக்குத் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் நிறம் மாறுகிறது.

கண்ணாடி விளக்கின் மூடிக்குப் புதிய ரப்பர் வளையம் இன்னும் போடவில்லை. அதற்குள் மனம் கூரை விளக்குக்குத் தாவிவிட்டது. அதன் சிமிட்டல் வேறு வகை: கண்ணுக்குத் தெரியாது, செல்பேசிக் கேமராவில் பட்டை பட்டையாக ஓடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை எழும் ஏற்ற இறக்கத்தை டிரைவரில் மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் கெப்பாசிட்டர் இப்போது சமன் செய்யவில்லை என்பதே என் கணிப்பு. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதால், மூடிய கூட்டுக்குள் வைப்பதற்கு 105 டிகிரி தாங்கும் வகையையே எடுத்து வைத்திருக்கிறேன். பழையதன் மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, கால்களின் திசை பார்த்து மாற்ற வேண்டும்.