டைரியும் ஒரு கட்டு பில்லும்

பையன் ஆடுவதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய் நின்றவனைப் பிடித்துப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பசங்களுக்கான கால்பந்து லீக், எட்டு அணிகள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் முறையாகப் பதிவான சங்கம்தான். ஆனால் கணக்கு என்று என் கைக்கு வந்தது ஒரு பழைய டைரியும், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு பில்லும். டைரியில் ஓரிடத்தில் "பந்து 6, சுண்ணாம்பு, ரெஃப்ரி, டீ – 7,340" என்று ஒரே வரி. எது எவ்வளவு என்று எழுதியவருக்கே ஞாபகம் இல்லை.

யாரும் பணத்தைத் தின்னவில்லை. ஆனால் பெற்றோர் கட்டிய பணம் முழுக்கச் செயலாளர் அண்ணனின் சொந்த ஜிபேக்குப் போயிருந்தது. அவர் வீட்டு மளிகை, பால், எங்கள் ஜெர்சி எல்லாம் ஒரே பாஸ்புக்கில். அதைப் பிரிக்க மூன்று ஞாயிறு உட்கார்ந்தோம்.

"இந்த 850 என்னண்ணே?"

"அதுவா... மாமியாருக்குக் கண்ணு டெஸ்ட், தம்பி."

கடைசியில் 4,200 ரூபாய் இடித்தது. தன் கையிலிருந்து போட்டுவிடுகிறேன் என்றார். நான் விடவில்லை. 'விவரம் இல்லாத செலவு' என்றே எழுதிப் பொதுக்குழுவில் வைத்தோம். கொஞ்சம் சத்தம் வந்தது, அப்புறம் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்தது சங்கத்தின் பெயரில் பான் கார்டும் வங்கிக் கணக்கும். பதிவுச் சான்றிதழ், துணை விதிகள், இருவர் சேர்ந்து கையெழுத்திடுவதாகப் போட்ட தீர்மானம் எல்லாம் கேட்டார்கள். சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், பானில் வேறு. ஒரே ஒரு 'எச்'சுக்காக ஒரு மாதம் போனது.

வருடா வருடம் 10,000 ரூபாய் ரொக்கமாகத் தரும் கடைக்காரர் ஒருவர், நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவைச் சங்கம் வாங்கினால் தனக்கும் வரிவிலக்கு உண்டா என்றார். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் கிடையாது, செக்காகவே வாங்குங்கள் என்றார் ஆடிட்டர். சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, அப்புறம் இந்த 80ஜி இரண்டுக்கும் 10ஏ படிவத்தில் விண்ணப்பித்தோம். முதலில் கிடைத்தது மூன்று வருடத் தற்காலிகப் பதிவு.

நடுவர்களிடம் பில் ஏது? வவுச்சரில் கையெழுத்துத்தான். சீசன் முடிவில் மொத்தமாகக் கொடுப்பதால் 5,000 ரூபாயைத் தாண்டியவர்களுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினேன்.

செயலாளர் அண்ணன் இப்போது டீக்கும் பில் கேட்கிறார். டீக்கடைக்காரர் சிகரெட் அட்டையைக் கிழித்து "12 டீ 180" என்று எழுதித் தருகிறார். அதையும் வவுச்சரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.