ஸ்பானிய, ஆங்கில வட்டாரச் சொற்களுக்கு அங்கி (Anki) நினைவு அட்டைகள்: செய்து பார்த்ததில் தெரிந்தவை

ஸ்ட்ராவுக்கு ஸ்பானியத்தில் நாட்டுக்கு ஒரு பெயர். ஸ்பெயினில் பாஹித்தா, மெக்சிகோவில் போபோத்தே, கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் பித்தீயோ, பெருவில் கன்யீத்தா, அர்ஜென்டினாவில் சொர்பேத்தே, சிலியில் போம்பியா. கேள்வி முன்னாலும் பதில் பின்னாலும் காட்டி மனப்பாடம் செய்ய உதவும் அங்கி செயலியில் ஆறு அட்டை போட்டால் முடிந்தது என்று தோன்றும். முடியாது. எல்லாவற்றிலும் அதே படம், மூலையில் கொடி மட்டும் வேறு என்றால் மறுநாளே ஆறும் குழம்பும்.

இதற்கு வழி: படம் பார்த்துச் சொல் சொல்லும் அட்டை ஒரே ஒரு நாட்டுக்கு மட்டும். நீங்கள் பேசப்போகும் நாடு எதுவோ அது. மற்ற நாடுகளுக்குத் திருப்பிப் போடுங்கள்: முன்னால் அந்தச் சொல்லோடு நாட்டின் பெயர், பின்னால் படம். கேட்டால் புரிந்தால் போதும், ஆறையும் வாயால் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றையும் ஒரே குறிப்பின் (பல அட்டைகளுக்கு மூலமான பதிவின்) கீழ் வைத்து, அடுக்கின் (அட்டைத் தொகுப்பின்) அமைப்புகளில் உடன்பிறப்பு அட்டைகளை, அதாவது ஒரே குறிப்பிலிருந்து வரும் அட்டைகளை, மறுநாளுக்குத் தள்ளும் வசதியை இயக்கிவிட்டால், ஒரே நாளில் இரண்டு எதிரே வராது.

ஆனால் பெயர் பல என்பது சின்னத் தொல்லைதான். சொல் ஒன்று, பொருள் வேறு என்பதுதான் ஆளைக் கவிழ்க்கும். போம்பியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் அது மின்விளக்கு பல்ப். அர்ஜென்டினாவில் மாத்தே பானம் உறிஞ்சும் உலோகக் குழல். சிலியில் சாதாரண ஸ்ட்ராவும் அதுதான். பல்புக்கு அங்கே ஆம்பொயேத்தா, மெக்சிகோவில் ஃபோக்கோ. பித்தீயோ ஸ்பெயினில் சிகரெட். பொலேரா சிலியில் டி-ஷர்ட், அர்ஜென்டினாவில் கழுத்து மூடிய ஸ்வெட்டர். குவாகுவா என்றால் கியூபாவிலும் கேனரித் தீவுகளிலும் பேருந்து. சிலியில் கைக்குழந்தை, கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. மெக்சிகோவில் கமியோன் ஏறி வேலைக்குப் போவார்கள். மற்ற பல நாடுகளில் அது சரக்கு லாரி. ஆகவே குறிப்பில் கட்டாயம் ஒரு களம் (நிரப்பும் கட்டம்): ‘இதே சொல் வேறெங்கே, என்ன பொருளில்?’ அது நிரம்பாத குறிப்பை அடுக்கில் சேர்க்காதீர்கள்.

பால் வேறுபாட்டுக்கும் இடம் விடுங்கள். வானொலி ஸ்பெயினில் பெண்பால், மெக்சிகோவில் பெரும்பாலும் ஆண்பால். கணினி ஸ்பெயினில் ஓர்தெனதோர், ஆண்பால். மெக்சிகோவில் கொம்புத்ததோரா, பெண்பால். சொல்லை ‘எல்’ (ஆண்பால்) அல்லது ‘லா’ (பெண்பால்) சேர்த்தே எழுதினால் இதற்குத் தனிக் களம் வேண்டாம்.

அட்டையில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதுவதும் சரிவராது. விலங்கின் காலும் வீட்டில் போடும் தொளதொள மேலாடையும் நம் எழுத்தில் ஒரே ‘பாத்தா’; ஸ்பானியத்தில் முதலெழுத்தே வேறு. மூல எழுத்தும் ஒலிக்கோப்பும் போதும்.

சரிபார்க்க 2010இல் ஸ்பானிய மொழிக் கழகங்களின் சங்கம் வெளியிட்ட, அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியச் சொற்களுக்கான அகராதி முதல் படி. அதில் நாட்டுக் குறி உண்டு. ஆனால் குறி இருப்பதாலேயே இன்று தெருவில் பேசுகிறார்கள் என்று பொருளில்லை. அடுத்த படி, நாடுவாரியாகப் பிரித்த உரைத்தொகுப்புகள். ஆங்கிலத்துக்கு 20 நாடுகளின் இணைய உரை கொண்ட குளோப் (GloWbE) தொகுப்பு இருக்கிறது, சுமார் 190 கோடிச் சொற்கள். அதில் வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் ஏமாறுவோம். அமெரிக்கா, பிரிட்டன் பகுதிகள் தலா 38 கோடிக்கு மேல். இலங்கைப் பகுதி 5 கோடிக்கும் குறைவு. பத்து லட்சம் சொற்களுக்கு எத்தனை முறை என்ற வரிசையைத்தான் ஒப்பிட வேண்டும். அதுவும் பொருளைச் சொல்லாது. இருபது முப்பது வரிகளையாவது படித்தாக வேண்டும். எளிய வழி ஒன்றும் உண்டு: அந்தந்த நாட்டு சூப்பர் மார்க்கெட் தளத்தில் சொல்லைத் தட்டினால் வரும் பொருளின் படமே சாட்சி.

ஆங்கிலத்தில் நமக்குத் தனிச் சிக்கல், நம் ஆங்கிலமே ஒரு வட்டார வழக்கு. பிரிஞ்சால் பிரிட்டனில் ஓபர்ஜின், அமெரிக்காவில் எக்பிளான்ட். லேடீஸ் ஃபிங்கர் என்று அமெரிக்கக் கடையில் கேட்டால் வெண்டைக்காய்க்குப் பதில் நீள பிஸ்கட் கிடைக்கலாம். வெண்டை அங்கே ஓக்ரா. தென்னாப்பிரிக்காவில் ரோபோ என்றால் போக்குவரத்து சிக்னல். ஆஸ்திரேலியாவில் தாங்ஸ் காலில் போடும் ரப்பர் செருப்பு, அமெரிக்காவில் உள்ளாடை. ஆந்த்ரே ஆஸ்திரேலிய உணவுப் பட்டியலில் முதலில் வருவது, அமெரிக்காவில் முக்கிய உணவு. இரண்டு ஆந்த்ரே கேட்டால் என்ன வரும் என்பது ஊரைப் பொறுத்தது.

நாட்டுக் களம் மட்டும் போதாது என்பதும் ஆங்கிலத்தில்தான் உறைக்கிறது. இங்கிலாந்துக்குள்ளேயே சின்ன வட்ட ரொட்டிக்கு நாட்டிங்காமில் காப், கவென்ட்ரியில் பேட்ச், மான்செஸ்டரில் பார்ம். அமெரிக்காவில் குளிர்பானம் வடகிழக்கிலும் கலிஃபோர்னியாவிலும் சோடா, மத்திய மேற்கில் பாப், தெற்கில் எந்த நிறுவனத்துடையதானாலும் கோக். எனவே நாட்டுக்குக் கீழே வட்டாரம் என்று இன்னொரு களம், தெரிந்தால் மட்டும் நிரப்ப. ஸ்பானிய அடுக்கிலும் இது உதவும்: எக்குவடோரில் குழந்தையைக் குவாகுவா என்பது மலைப்பகுதி வழக்கு.