கருங்காட்டில் காளான் பொறுக்கப் போகிறீர்களா? காம்பைப் பாருங்கள்

ஜெர்மனியின் கருங்காட்டுக்குச் செப்டம்பரில் போகிறவர்கள் ஒரு கூடையும் எடுத்துப் போங்கள். பஸ் செலவுக்குப் பயப்பட வேண்டாம். கோனுஸ் திட்டத்தில் சேர்ந்த ஊர்களில் தங்கினால், விடுதியில் தரும் விருந்தினர் அட்டையே பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் டிக்கெட். மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

அங்கே எல்லோரும் சமைத்துச் சாப்பிடத் தேடுவது ஷ்டைன்பில்ஸ் காளானை. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தடியில் அதே பழுப்புத் தொப்பி, அதே பருமனோடு இன்னொன்றும் நிற்கும்: கால்லன்ரேர்லிங். ஜெர்மனில் ‘கால்ல’ என்றால் பித்தம், பெயரிலேயே அது இருக்கிறது. நிலவேம்புக் கஷாயம் குடித்தவர்களுக்கு அந்தக் கசப்பு புரியும். ஒன்றே ஒன்று கலந்தாலும் சட்டி முழுக்கப் பாழ். வறுத்தாலும் வேகவைத்தாலும் கசப்பு போகாது.

தொப்பியின் படத்தைக் காட்டிக் காளான் பெயர் சொல்லும் செயலிகளை நம்பவே கூடாது. அடையாளம் காம்பில் இருக்கிறது. ஷ்டைன்பில்ஸின் காம்பில், மேல்பகுதியில், வெள்ளை நூலால் பின்னியதுபோல மெல்லிய வலை தெரியும். கசப்புக் காளானில் இது தலைகீழ்: வெளிறிய காம்பின்மேல் கரும்பழுப்பு வலை, பெரிய பெரிய கண்ணிகள், விரலை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்குப் புடைப்பு. அதனால் காம்பை வெட்டி எறியாதீர்கள், முழுசாகத் திருகி எடுங்கள்.

தொப்பியின் அடிப்பக்கத் துளைகள் இளசில் இரண்டிலுமே வெள்ளைதான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முற்றியபின் ஷ்டைன்பில்ஸ் மஞ்சளாகிப் பாசிப்பச்சைக்குப் போகும், மற்றது இளஞ்சிவப்பாகும். புழுவோ நத்தையோ கடிக்காத அழகான காளான் என்றால் அது கசப்புக் காளானாக இருக்கலாம், இன்னொருமுறை பாருங்கள்.

அப்படியும் சந்தேகமா? கடுகளவு கிள்ளி நாக்கு நுனியில் வைத்து, துப்பி, வாய் கொப்பளியுங்கள். சிலருக்கு இந்தக் கசப்பு தெரிவதே இல்லை, ஆகவே கூட வந்தவரும் ருசித்துப் பார்க்கட்டும். அடியில் துளையுள்ள காளானுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. துளை சிவப்பாக இருந்தால் வேண்டாம். தொப்பியின் அடியில் துளைக்குப் பதிலாகத் தகடு தகடாகச் செவுள் உள்ள காளானை நாக்கில் வைக்கவே கூடாது. ஆளைக் கொல்லும் செவுள் காளானான அமனிட்டா ஃபல்லாய்டஸ் கசக்காது!

பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும், நல்ல காளானே வயிற்றைக் கெடுக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு மேல் பறிக்காதீர்கள். 2014-இல் தொடங்கிய தேசியப் பூங்காவுக்குள் பல இடங்களில் பறிக்கவே தடை. பறித்ததைச் சமைக்குமுன் காளான் ஆலோசகரிடம் காட்டுங்கள். பல ஊர்களில் இலவசமாகவே பார்த்துச் சொல்வார்கள், காளானைக் காம்போடு கொண்டுபோனால்.