இன்றைக்கு இருக்கிறதா?

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெரி மாவட்டத்தில், சுமார் 2000 பேர் வாழும் டிங்கிள் என்ற துறைமுக ஊரில், ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் ஏழாண்டுகள் வேலை பார்த்தேன். 2014-இல் சேர்ந்து 2021-இல் விலகினேன். அந்த ஏழாண்டுகளில் என்னிடம் மிக அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, காலை உணவு எத்தனை மணிக்கு என்பதோ வண்டியை எங்கே நிறுத்துவது என்பதோ அன்று. "இன்றைக்கு ஃபங்கி இருக்கிறதா?" என்பதுதான்.

ஃபங்கி ஓர் ஆண் டால்பின்; பாட்டில்நோஸ் வகை. யாரும் அதைப் பிடித்து வந்து விடவில்லை. 1983-இல், துறைமுகத்துக்குள் வந்து போகும் படகுகளின் கூடவே ஒரு டால்பின் தனியாக நீந்தி வருவதைக் கலங்கரை விளக்கக் காவலர் ஒருவர் கவனித்தார். சில நாளில் போய்விடும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். அது 37 ஆண்டுகள் போகவில்லை. அதைக் காட்டுவதற்கென்றே படகுத்துறையிலிருந்து படகுகள் புறப்பட்டன. டால்பின் கண்ணில் படாவிட்டால் கட்டணம் இல்லை என்பது அவற்றின் வழக்கம். அப்படித் துணிந்து சொல்ல முடிந்தது என்பதே, நாளொன்றுக்குப் பல மைல் திரியக்கூடிய ஓர் உயிர் எவ்வளவு சிறிய நீர்ப்பரப்புக்குள் தன் வாழ்நாளைக் கழித்தது என்பதற்குச் சான்று என்று இப்போது எண்ணுகிறேன். அப்போது எனக்கு அது படவில்லை. காலையில் படகுத்துறைக்குத் தொலைபேசியில் பேசி, கடல் எப்படி, படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு, மேசைக்குப் பின்னால் இருந்த பலகையில் எழுதி வைப்பது என் வேலைகளில் ஒன்று. பெரும்பாலான நாட்களில் "இருக்கிறது" என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அம்மா தூத்துக்குடிக் கரையில் பிறந்தவர். ஓங்கில், அதாவது டால்பின், என்றால் அவருக்குக் கூட்டம்தான், படகின் இருபுறமும் ஏழெட்டாகத் துள்ளிப் போகிறவை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஏய்யா, அதுக்குத் துணைக்குன்னு ஒண்ணுமே இல்லையா? நல்லாத்தான் இருக்கா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் அந்த மேசையில் எவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. இருக்கிறதா என்று ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். நன்றாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் படிக்கத் தொடங்கினேன். இப்படித் தனித்து வந்து மனிதர்களை நாடும் டால்பின்கள் பல நாடுகளின் கரைகளில் தோன்றியிருக்கின்றன. ஏன் தனித்தன என்பதற்கு ஒரே காரணம் இல்லை: தாயை இழந்தவை, கூட்டத்திலிருந்து வழிதவறியவை, விலக்கப்பட்டவை என்று பலவாறாகச் சொல்கிறார்கள். ஆனால் அவை மனிதரிடம் வந்து சேரும் வழி பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. முதலில் அந்த டால்பின் ஒரு துறைமுகத்தையோ மிதவையையோ தன் இடமாக்கிக்கொள்ளும், ஆளை நெருங்காது. பிறகு படகுகளைத் தொடரும், நங்கூரச் சங்கிலியையும் கயிற்றையும் ஆராயும். அடுத்து, ஓரிருவர் திரும்பத் திரும்ப நீரில் இறங்கி அதைத் தங்களுக்குப் பழக்கப்படுத்துவார்கள். அதன்பின் செய்தி பரவி ஊர் திரளும். கடைசிக் கட்டத்தில், தன் இனத்தாரிடம் காட்ட வேண்டிய விளையாட்டையும் மல்லுக்கட்டலையும் இணைவிழைச்சையும், 300 கிலோவுக்கு மேலும் எடை இருக்கக்கூடிய அந்த விலங்கு, நீந்தத் தெரியாதவரிடமும் காட்டும். அப்போது அதற்கு "முரடு" என்று பெயர் வைப்போம்.

துணை என்று அம்மா சொன்னதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது மிகவும் பிந்தி, 2024-இல். டென்மார்க்கின் ஸ்வென்போர் நீரிணையில் தனியே வாழ்ந்த ஓர் ஆண் டால்பினின் ஒலிகளை, தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நீரடி ஒலிவாங்கி கொண்டு 69 நாட்கள் பதிவு செய்திருந்தார்கள். பதிவானவை 10,833 ஒலிகள். டால்பின்கள் ஒவ்வொன்றும் தன்னை அறிவிக்கத் தனக்கென ஒரு சீழ்க்கை வைத்திருக்கும் என்பார்கள், பெயரைப் போன்றது. கேட்பதற்கு இனத்தார் ஒருவரும் இல்லாத அந்த நீரிலும் அத்தகைய சீழ்க்கைகள் பதிவாகியிருந்தன. அது யாரையோ அழைத்ததா, தன்னையறியாமல் எழுப்பியதா என்று ஆய்வாளர்களே முடிவு கட்டவில்லை, நானும் கட்டப்போவதில்லை. ஆனால் அதைப் படித்த இரவு, ஃபங்கி தண்ணீருக்கு மேலே துள்ளியதை மட்டுமே பார்த்துக் கைதட்டிய கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்து வெகுநேரம் உறக்கம் பிடிக்கவில்லை.

என் பங்குக்கு நான் செய்த தவறு ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டில், நீந்த விரும்பிய விருந்தினர்களுக்கு ஒரு யோசனை சொல்லத் தொடங்கினேன்: படகுகள் புறப்படுமுன், விடியற்காலையில் துறைமுக வாயிலை ஒட்டிய சிறு மணற்கரைக்குப் போங்கள், கூட்டம் இருக்காது, டால்பின் உங்களுக்கு மட்டும்தான். நல்ல உபசரிப்பு என்று அதைப் பெருமையாக எண்ணினேன். ஒரு நாள், அந்தக் கரையில் பல்லாண்டுகளாக நீந்திவந்த வயதான அம்மையார் ஒருவர் விடுதிக்கே தேடி வந்தார். கோபப்படவில்லை. டால்பின் உறங்குவது மூளையின் ஒரு பாதியைக் கொண்டுதான், மறுபாதி விழித்திருக்கும், அந்த அரை உறக்கத்துக்கும் அமைதியான நீர் வேண்டும் என்றார். பகல் முழுவதும் அதைச் சுற்றிப் படகுகள்; மிச்சமிருப்பது அந்த விடியல் மட்டும்; அதையும் நீங்கள் விருந்தினருக்குக் கொடுத்துவிடுகிறீர்கள் என்றார். தான் நீரில் ஓரிடத்தில் மிதந்தபடி காத்திருப்பதாகவும், அது வந்தால் சரி, விலகினால் உடனே கரையேறிவிடுவதாகவும், ஒருபோதும் கை நீட்டித் தொடுவதில்லை என்றும் சொன்னார். அவரும் இறங்காமல் இருப்பதே மேல் என்று நான் இன்று நினைக்கிறேன். ஆனாலும் ஓர் உயிரின் விருப்பத்தைக் கேட்டு நடப்பது எப்படி என்பதை எனக்குக் காட்டியவர் அவர்தான்.

அதன்பின் ஒரு தாளில் சில வரிகள் எழுதி மேசைமேல் வைத்தேன். 1976-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி அயர்லாந்தில் டால்பினை வேண்டுமென்றே தொந்தரவு செய்வது குற்றம். திமிங்கிலங்களையும் டால்பின்களையும் எதிர்கொள்ளும் படகுகளுக்கு 2005-இலேயே அரசின் கடல்சார் அறிவிப்பு ஒன்று உண்டு. வேகம் மணிக்கு 7 நாட்டிக்கல் மைலுக்கு மிகக்கூடாது என்கிறது அது. அவற்றோடு, மீன் வீசக் கூடாது, துரத்தக் கூடாது, வாலால் நீரை அறைந்தாலோ தாடையைப் படீரென்று மூடினாலோ அது எச்சரிக்கை என்றும் சேர்த்தேன். சில வாரங்களில் தாள் இழுப்பறைக்குள் போயிற்று. விருந்தினரை வரவேற்கும் இடத்தில் தடைகளைப் பட்டியலிடுவது முறையன்று என்றார்கள். நான் வாயால் சொல்வதைத் தொடர்ந்தேன்.

டூலினுக்குப் போகவிருந்த விருந்தினர்களிடம் சொல்வது இன்னும் அவசியமாக இருந்தது. கிளேர் மாவட்டக் கடற்கரையான அங்கே டஸ்டி என்ற பெண் டால்பின் இருந்தது. 2013 கோடையில் அதனோடு நீந்தியவர்கள் சிலர் காயமடைந்தார்கள், நீரில் இறங்க வேண்டாம் என்று பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடப்பட்டது. ஆளுக்கு அடிபட்டால் செய்தியாகிறது. டால்பினுக்கு அடிபட்டால் பெரும்பாலும் அதுவே முடிவாகிவிடுகிறது. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் கரையில் பழகிய ஒரு பெண் டால்பின், 2007-இல் வாலின் ஒரு பகுதி அறுபட்டு, பிறகு காணாமற்போனது. பிரான்சின் லாண்டெவெனெக்கில் 2018-இல் மேயர் தடை போடும் அளவுக்கு நீந்துவோரை நெருங்கிய ஸஃபார் என்ற டால்பின், 2020-இல் ஒரு கப்பலின் பின்னே ஆம்ஸ்டர்டாம் வரை போய், நெதர்லாந்துக் கரையில் வால் துண்டிக்கப்பட்டுப் பிணமாக ஒதுங்கியது. நியூசிலாந்தின் ஒப்போனோனியில் குழந்தைகளோடு பந்து விளையாடிய ஓப்போ, அதைக் காக்கும் சட்டம் நடப்புக்கு வந்த மறுநாளே, 1956 மார்ச் 9 அன்று, பாறை இடுக்கில் இறந்து கிடந்தது. படகைக் கண்டு விலகுவது டால்பினின் காவல். நாம் அன்பினால் முதலில் எடுத்துவிடுவது அந்தக் காவலைத்தான்.

இந்த இடத்தில் என் எண்ணம் எளிதாக இருந்தது: எல்லோரும் விலகிவிட்டால் போதும். 2020 அதை மாற்றியது. மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கால் விடுதி மூடப்பட்டது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள நானும் இன்னொருவரும் மட்டும் தங்கினோம். வீட்டிலிருந்து 2 கிலோமீட்டர் என்ற எல்லை மே மாதத்தில் 5 ஆனதும் நாள்தோறும் கலங்கரை விளக்கம் வரை நடந்தேன். துறைமுக வாயிலில் அத்தனை அமைதியை நான் பார்த்ததில்லை. ஃபங்கிக்கு இப்போதுதான் ஓய்வு என்று நினைத்தேன். ஆனால் எப்போதாவது ஒரு மீன்பிடிப் படகு வெளியே வந்தால், அது எங்கிருந்தோ விரைந்து வந்து அதனருகே ஒட்டிக்கொள்ளும். படகு போன பிறகு அதே இடத்தில் சுற்றும். படகுக்காரர்களில் சிலர், பயணிகள் இல்லாதபோதும், அதற்குத் துணையாக வெளியே போய் வந்தார்கள். தொழிலுக்காக என்று சொல்பவர்கள் சொல்லட்டும். 30 ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் பார்த்த முகத்தைப் பார்க்கப் போனார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். முதல் ஆண்டிலேயே விலகி நின்றிருந்தால் அது தன் இனத்தாரிடம் திரும்பியிருக்கலாம். 37-ஆம் ஆண்டில் விலகுவது இன்னொரு கைவிடல். தனித்த டால்பின் ஒன்று ஒரு கரைக்கு வந்து சேரும் முதல் சில வாரங்களில்தான் அதன் நலம் நம் கையில் இருக்கிறது என்று அன்று உறுதியாகத் தெரிந்தது.

அந்த அக்டோபர் நடுவில் ஃபங்கி காணப்படவில்லை. படகுகள் தேடின, முக்குளிப்போர் குகைகளிலும் குடாக்களிலும் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. வரும்போதே வளர்ந்த டால்பினாக இருந்தது என்பதால் வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். கடலில் வாழும் ஆணுக்கு அது நீண்ட ஆயுள். அம்மாவிடம் சொன்னேன். "நோவு இல்லாமப் போயிருந்தாச் சரி" என்றார்.

2021 தொடக்கத்தில், விலகுவதற்குச் சில வாரங்களுக்கு முன், டப்ளினிலிருந்து ஒருவர் அறை பதிவு செய்ய அழைத்தார். ஜூலையில் குழந்தைகளோடு வருவதாகவும், ஃபங்கி இல்லையென்று கேள்விப்பட்டதாகவும், அதற்குப் பதிலாக வேறு டால்பின் ஏதாவது வந்திருக்கிறதா என்றும் கேட்டார். விரிகுடாவுக்கு வெளியே கூட்டமாக வருகின்றன, ஆனால் யாருக்காகவும் நிற்பதில்லை, கலங்கரை விளக்கப் பாதையிலிருந்து தொலைநோக்கியால் பார்த்தால் சில நாட்களில் தெரியும் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, விடுதியில் தொலைநோக்கி இரவல் கிடைக்குமா என்று கேட்டு, இரண்டு இரவுகளுக்குப் பதிவு செய்தார்.