சியோல்ஃப்ரித் கடந்த ஆறு

2018 டிசம்பரில், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் நடந்த கண்காட்சி ஒன்றில் அந்த விவிலியத்தைப் பார்த்தேன். கோடெக்ஸ் அமியாத்தினுஸ். வுல்காத்தா என்பது கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் பயன்படுத்திய இலத்தீன் மொழிபெயர்ப்பு; முழுமையாகக் கிடைத்திருக்கும் வுல்காத்தா விவிலியங்களில் இதுதான் மிகப் பழையது. 1030 தோல் ஏடுகள், அரை மீட்டர் உயரம், 34 கிலோவுக்கு மேல் எடை. இங்கிலாந்தின் வடக்கே எழுதப்பட்டு, கடல் தாண்டிப் போய், 1300 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாகத் திரும்பி வந்திருந்தது. சுற்றிலும் கூட்டம். என்னையறியாமல் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டேன்.

அது பிறந்த இடத்தில் ஒருமுறை செபிக்க வேண்டும் என்று அன்றே நேர்ந்துகொண்டேன். அடுத்த ஜூனில்தான் முடிந்தது.

அதை எழுதிய மடம் ஒன்று, ஆனால் இடம் இரண்டு: வேர்மத், ஜாரோ. முதலில் ஜாரோவுக்குப் போனேன். மெட்ரோ நிலையத்தின் பெயரே ‘பீட்’. ஏழு வயதில் மடத்தில் விடப்பட்டு, பின்னால் பெரிய வரலாற்றாசிரியரான புனித பீட் வாழ்ந்த ஊர் இது. புனித பவுல் ஆலயத்தின் பீடப்பகுதி ஏழாம் நூற்றாண்டுக் கட்டடம். 685 ஏப்ரல் 23 அன்று ஆலயம் அர்ச்சிக்கப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டும் அங்கேயே இருக்கிறது. அதில் மடாதிபதி சியோல்ஃப்ரித்தின் பெயரும் உண்டு.

மறு ஆண்டு கொள்ளைநோய் வந்தது. பாடத் தெரிந்த துறவியர் எல்லாரும் இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் சியோல்ஃப்ரித்தும் ஒரு சிறுவனும்தான். அந்தச் சிறுவன் பீட் என்றே பலரும் கருதுகிறார்கள். இரண்டு பேரால் முடியாது என்று, திருப்பாடல்களோடு சேர்த்துப் பாடும் சிறு வரிகளான முன்மொழிகளை விட்டுவிட்டுத் திருப்பாடல்களை மட்டும் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு வாரம் அழுகையோடு ஓடியது. அதற்கு மேல் தாங்கவில்லை. பழையபடி முழுதாகவே பாடத் தொடங்கினார்கள். அந்தச் சிறிய பீடப்பகுதியில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு கிழக்குரலுக்கு ஒரு பிஞ்சுக்குரல் பதில் சொல்வதுபோல் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் அப்போது கிழவரே இல்லை, நாற்பத்து நாலு வயதுதான். கற்பனைக்குக் கணக்கு தெரியாது.

இந்த மடாதிபதிதான் மூன்று பெரிய விவிலியங்களை எழுத வைத்தவர். மடத்தின் இரண்டு ஆலயங்களுக்கும் ஆளுக்கொன்று. மூன்றாவது, நான் லண்டனில் பார்த்தது, உரோமையில் புனித பேதுருவுக்குக் காணிக்கை. அந்த ஒன்றுக்கே 500க்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் வேண்டியிருந்தது. வரிகளைப் பொருளுக்கும் மூச்சுக்கும் ஏற்றபடி ஒடித்து எழுதியிருக்கிறார்கள். வாய்விட்டுப் படிப்பதற்கான புத்தகம் அது. மற்ற இரண்டும் சிதைந்துபோயின. அவற்றின் சில ஏடுகள் பண்ணைக் கணக்குகளுக்கு மேலுறையாகக் கிடந்து பிழைத்தன.

பிற்பகல் வேர்மத். மெட்ரோவில் நடுவே ஒருமுறை வண்டி மாற வேண்டும். புனித பேதுரு ஆலயம் இப்போது பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே, புல்வெளியில் நிற்கிறது. ஆங்கிலிக்கன் ஆலயம், நான் கத்தோலிக்கன். கதவு திறந்திருந்தது, சரி, அது போதும். மேற்கு வாசலின் தூண்களில், பாம்புபோல் ஒன்றோடொன்று பின்னிய விலங்குகள் பாதி தேய்ந்து நிற்கின்றன. 674இல் தொடங்கிய மடத்தின் மிச்சம். இந்த வாசலைத் தொட்டுக் கும்பிட்டேன். சியோல்ஃப்ரித் கடைசியாக இங்கிருந்துதான் புறப்பட்டார்.

716 ஜூன் 4, வியாழக்கிழமை. அவருக்கு 74 வயது. காலைத் திருப்பலி முடிந்ததும் தூபக்கலசத்தைக் கையில் பிடித்தபடி எல்லாருக்கும் சமாதானம் கூறினார். ‘நான் யாரிடமாவது கடுமையாக நடந்திருந்தால் மன்னியுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார். மன்றாட்டு மாலையை அழுகை இடைமறித்தது. ஆற்றங்கரை வரை எல்லாரும் வந்தார்கள். எரியும் மெழுகுவர்த்திகளும் பொற்சிலுவையும் ஏந்தித் திருத்தொண்டர்கள் படகில் ஏற, அவர் அக்கரை சேர்ந்து, சிலுவையை வணங்கிவிட்டுக் குதிரையில் ஏறினார். பீட் எழுதி வைத்திருக்கும் காட்சி இது.

அவர் உரோமையைப் பார்க்கவில்லை. செப்டம்பர் 25 அன்று பிரான்சின் லாங்க்ர் நகரில் இறந்தார். கூடப் போனவர்களில் சிலர் ஊர் திரும்பினர், சிலர் காணிக்கைகளோடு உரோமைக்கு நடந்தனர், சிலர் கல்லறையை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டனர்.

விவிலியம் பின்னர் இத்தாலியின் அமியாத்தா மலை மடத்தில் இருந்தது. முதல் ஏட்டில் ‘ஆங்கிலேயரின் கடைக்கோடி எல்லையிலிருந்து வரும் மடாதிபதி சியோல்ஃப்ரித்’ என்று இருந்ததை யாரோ சுரண்டிவிட்டு, ‘இலம்பார்தியரின் பேதுரு’ என்று எழுதிவிட்டார்கள். எங்கள் பங்குக் கோவிலில் பெஞ்சின் முதுகில்கூட உபயதாரர் பெயர் பளிச்சென்று இருக்கும். அதை யாராவது சுரண்டினால் அந்த ஞாயிறு பூசையே நடக்காது. 1587இல் வுல்காத்தாவைத் திருத்தும் பணிக்காக இந்தப் புத்தகம் உரோமைக்குப் போனபோதும் மேலே இருந்தது வேற்றுப் பெயர்தான். 1880களில் தெ ரோசி என்ற இத்தாலிய அறிஞர் சுரண்டலைக் கவனித்தார். வேர்மத்-ஜாரோ மடத்தில் எழுதப்பட்ட சியோல்ஃப்ரித்தின் வாழ்க்கை வரலாற்றில் அதே வரிகள் முழுதாக இருந்தன. பெயர் திரும்பி வந்தது. புத்தகம் இன்று புளோரன்ஸின் லாரென்சியானா நூலகத்தில்.

மாலை வெயில் சாய்ந்தபோது வேர் ஆற்றுப் பாலத்தில் தெற்கே நடந்தேன். சியோல்ஃப்ரித் போன திசை. 150 திருப்பாடல்களையும் தினம் இரண்டு தடவையாவது சொன்ன மனிதர். எனக்கு முழுதாக மனப்பாடம் ‘ஆண்டவரே என் ஆயர்’ ஒன்றுதான். பாலத்தின் பாதியிலேயே முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.