ஜிம் ஹால் சத்தத்தைக் குறைக்கும் இடம்

ஜாஸ் கிட்டாரை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று நண்பர்கள் கேட்டால், யோசிக்காமல் 'அண்டர்கரன்ட்' என்பேன். 1962-ல் பில் எவன்ஸின் பியானோவும் ஜிம் ஹாலின் கிட்டாரும் மட்டும் சேர்ந்து வாசித்த ஆல்பம். தாழ்ந்த சுரங்களைத் தரும் பாஸ் (bass) இல்லை, டிரம்ஸ் இல்லை. இரண்டுமே கார்டு (chord, பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) வாசிக்கிற வாத்தியங்கள். கொஞ்சம் அசந்தால் ஒன்றின் காலை ஒன்று மிதித்துவிடும்.

முதல் பாட்டு 'மை ஃபன்னி வாலன்டைன்'. பெரும்பாலும் நெஞ்சு கனக்க மெதுவாகப் பாடப்படுவது. இங்கே இருவரும் அதை விறுவிறுவென்று எடுக்கிறார்கள். நடுவில் எவன்ஸின் தனி வாசிப்பு ஆரம்பிக்கும்போது ஹால் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஆம்ப்ளிஃபயர் சத்தத்தை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டு, ஒவ்வொரு தாளச் சுற்றுக்கும் நான்கு கார்டாகத் தட்டிக்கொண்டே போகிறார். அவரிடம் இருந்தது கிப்சன் இஎஸ்-175, உள்ளே வெற்றிடமான உடல் கொண்ட மின்கிட்டார். அதனால் மின்சாரம் அடங்கினதும் மரமும் கம்பியும் பேசத் தொடங்கிவிடுகின்றன. மீட்டப் பயன்படும் சிறு தகடான பிக் கம்பியில் உரசும் ஒலி காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. பாஸும் டிரம்ஸும் செய்ய வேண்டிய வேலையை ஒற்றை ஆள், அதுவும் தாழ்ந்த ஒலியில், செய்து முடிக்கிறார். நல்ல ஹெட்ஃபோனில் கேட்க வேண்டிய இடம் இது. எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

எவன்ஸுக்கு அது கடினமான காலம். அவருடைய பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ 1961 ஜூலையில் கார் விபத்தில் இறந்துபோனார். பல மாதங்கள் எவன்ஸ் ஒதுங்கியே இருந்தார். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால், அதே ஆல்பத்தில் ஜான் லூயிஸ் எழுதிய 'ஸ்கேட்டிங் இன் சென்ட்ரல் பார்க்' என்கிற வால்ட்ஸின் (மூன்றெண்ணத் தாளப் பாட்டு) மென்மை வேறு மாதிரி படுகிறது.

ஹாலையே தொடர விரும்புகிறவர்களுக்கு 1972-ல் ரான் கார்ட்டரின் பாஸுடன் நியூயார்க்கில் மேடையில் பதிவான 'அலோன் டுகெதர்'. அதில் 'செயின்ட் தாமஸ்' பிரமாதம். இருவரும் அவசரமே படுவதில்லை.

கிட்டார் கலைஞர் ஜோ பாஸின் (Joe Pass) 'விர்ச்சுவோசோ' ஆல்பத்தை எல்லோரும் சொல்வார்கள். தனிக் கிட்டாரில் அவ்வளவு விரல் வித்தை இன்றும் மலைக்க வைக்கிறது. ஆனாலும் நெருக்கம் வேண்டுமென்றால், 1973-ல் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுடன் அவர் பதிவு செய்த 'டேக் லவ் ஈசி'தான் என் கை போகிற ஆல்பம். குரலுக்குத் துணையாகவே வரும் கிட்டார், அது மூச்சு வாங்குகிற இடங்களில் முன்னே வருகிறது.

கிட்டார் கலைஞர் எட் பிக்கர்ட்டைப் பற்றி நம்மிடையே யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. கனடாக்காரர். ஜாஸ்காரர்கள் அதிகம் எடுக்காத, திட மரத்தாலான டெலிகாஸ்டர் மின்கிட்டாரை வைத்துக்கொண்டு அத்தனை கதகதப்பான கார்டுகளைக் கொண்டுவந்தார். பால் டெஸ்மண்டின் சாக்ஸஃபோனுக்கு அவர் வாசித்த 'ப்யூர் டெஸ்மண்ட்' 1974-ல் பதிவானது. அதில் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் எழுதிய 'நுவாஜ்' இருக்கிறது. சாக்ஸஃபோனை விட்டுவிட்டு, பின்னால் நகரும் கார்டுகளை மட்டும் ஒருமுறை தொடர்ந்து கேளுங்கள்.